அந்த வீட்டுக்கு ஒரு கைப்பிடி

இன்று காலை தபாலில் உங்கள் பெயருக்கு ஒரு பெட்டி வந்தது. பிரித்ததுமே ஈர மண்ணும் பழைய மரமும் கலந்த வாடை சமையலறை முழுக்கப் பரவியது. உள்ளே வால்நட். பிரான்சில் உங்கள் கொள்ளுத்தாத்தா பிறந்த அந்தப் பண்ணை மாளிகையின் தோட்டத்தில் விளைந்தது. இப்போது அங்கே குடியிருக்கும் பிரெஞ்சுக்கார அம்மாவுக்கு நீங்கள் போய்ச் சேர்ந்த செய்தி தெரியாது. நான்தான் எழுதவில்லை. எழுதினால் அந்த வீட்டுக்கும் துக்கம் கொண்டாட ஓர் உரிமை வந்துவிடுமே.

உங்களுக்குக் குடி இல்லை, சீட்டு இல்லை, வேறு சகவாசம் இல்லை. என் தோழிகள் என்னைக் கொடுத்து வைத்தவள் என்பார்கள். எனக்கு வாய்த்த சக்களத்தி கல் சுவரும் ஓட்டுக் கூரையுமாகக் கடல் தாண்டி நின்றுகொண்டிருந்தது அவர்களுக்கு எங்கே தெரியும்? இங்கே சிங்கப்பூரில் ஞாயிறு பூசை முடிந்ததும் தேக்கா சந்தையில் தோசை சாப்பிட்டு மீன் வாங்கி வருவது நம் வழக்கம். அந்த வீட்டைத் தேடத் தொடங்கிய பிறகு நான் தனியாகப் போனேன். நீங்கள் கணினி முன்னால் உட்கார்ந்து, பழைய ஞானஸ்நானப் பதிவுகளை வைத்துக்கொண்டு வரைபடத்தில் ஊர் ஊராக அலைந்தீர்கள். “புதுச்சேரிக்குக் கப்பல் ஏறுன மனுஷன் எந்த வாசல்லேருந்து கெளம்புனாருன்னு பாக்கணும்,” என்பீர்கள். என் தாத்தாவும் கப்பலில் வந்தவர்தான். நாகப்பட்டினத்தில் ஏறினார் என்பதோடு எங்கள் குடும்பச் சரித்திரம் முடிந்துவிடும். எந்த வாசல் என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா?

கண்டுபிடித்தும்விட்டீர்கள். என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். மாளிகை என்றதும் நான் பட்டுப் புடவை எடுத்து வைத்தேன். போய்ப் பார்த்தால் பாதிக் கூரை சரிந்து கிடந்தது. மழை பூட்ஸ் போட்ட அந்த அம்மா கோழிகளை விரட்டிக்கொண்டே வந்து கதவைத் திறந்தார். நீங்கள் குனிந்து ஷூவைக் கழற்றி, ஜோடி சேர்த்து, சுவரோரமாக வைத்தீர்கள். அவர் பதறிப்போய், வேண்டாம் என்று கையை ஆட்டினார். நீங்கள் கவனிக்கவே இல்லை. இங்கே ஈசூனில் நம் அடுக்குமாடி வீட்டு வாசலில் உங்கள் செருப்பு ஒரு நாளாவது ஜோடியாகக் கிடந்ததுண்டா? கல்தரையில் காலுறையோடு நின்று, சுவரில் கை வைத்து அழுதீர்கள். நம் வீட்டுச் சாவி கைக்கு வந்த அன்று நீங்கள் செய்தது, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்ததுதான். எனக்கு வயிறு எரிந்தது. இப்போது நினைத்தாலும் எரிகிறது.

கடைசியில் மருத்துவமனையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒரு கைப்பிடி சாம்பல் மட்டும் அங்க போட்டுடு, என்ன?” என்றீர்கள். “பாப்போம்,” என்றேன். உங்கள் சாம்பல் ஜாடி இன்னும் நம் வீட்டு மாதா படத்தடியில்தான் இருக்கிறது. மகள் விமான டிக்கெட் பார்க்கத் தொடங்கிவிட்டாள். நான் பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டேன். “பிரிக்காம ஒரே எடத்துல வைக்கிறதுதான் முறைம்மா,” என்றார். அவ்வளவு சந்தோஷமாக நான் கோவிலை விட்டு வந்ததே இல்லை.

மகள் விடவில்லை. “அப்பா ஆசையா கேட்டாரு லா, மா. பெர்மிஷன் கேட்டா கொடுப்பாங்க.”

“கொடுத்தாலும் நான் கொடுக்க மாட்டேன். ஒரு ஸ்பூன்கூட.”

சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் போய்விட்டீர்கள், இந்தப் பொறாமை போகவில்லை. அதையும் வைத்துக்கொண்டுதான் காலம் தள்ளுகிறேன். பெட்டியை மேசையிலேயே விட்டுவிட்டு, மத்தியானம் உங்கள் ஜாடியை வைக்க ஒரு மாடம் கேட்டுக் கோவில் அலுவலகத்துக்குப் போனேன். ஒருவருக்கா, இருவருக்கா என்று அங்கிருந்த பெண் கேட்டாள். இருவருக்கு என்றேன். மாடத்தை மூடும் கல்லில் உங்கள் பெயருக்குக் கீழேயே என் பெயரையும் இப்போதே வெட்டச் சொன்னேன்.

“என்ன அவசரம் ஆன்ட்டி, உங்களுக்கு இன்னும் நாள் இருக்கு லா,” என்றாள்.

இருக்கட்டும். சாப்பாட்டுக் கடையில் டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம் பிடிப்போமே, அப்படித்தான். நான் வரும்வரை உங்கள் பக்கத்தில் யாரும் உட்கார முடியாது.