சீனை வெட்டிப்போட்டாங்களாம்

அக்கராயன்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பான மகன் நிருஷனுக்கு,

நான், அப்பா, தங்கச்சி கௌசலா மூண்டு பேரும் இஞ்ச குறையில்லாம இருக்கிறம். நீயும் மாமி வீட்டில நேரத்துக்குச் சாப்பிட்டு, நித்திரை கொண்டு, சுகமா இருக்கிறாய் எண்டு கௌசலாவின்ர ஃபோனை எட்டிப் பாத்துத்தான் அறிஞ்சு கொண்டன், பிள்ளையார் உன்னை அப்பிடியே வச்சிருக்கட்டும். என்ர ஃபோனைத்தான் நீ பன்ரெண்டு நாளா எடுக்கிறேல்லை. உன்னில பிழையில்லை. எடுத்தாலும் எனக்குக் கதைக்கத் தெரியாது, வாயைத் திறந்தா நான் நினைக்காததுதான் முதல் வந்து விழும். அதுதான் எழுதுறன். எட்டாம் வகுப்போட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான், எழுத்துப் பிழையைப் பாத்துச் சிரிக்காதை. அப்புத்துரை அண்ணையின்ர மகள் சுதர்சினி கண் காட்ட மெட்ராஸ் வாறா, மிளகாய்த்தூள் பையோட இதையும் அவவிட்டக் குடுத்து விடுறன். தூளை மாமியிட்டக் குடு, கடிதத்தை நீ மட்டும் வாசி.

இஞ்சத்தப் புதினம் பெரிசா இல்லை. வயல் வெட்டு முடிஞ்சுது, கடைசி நேரத்து மழையில கொஞ்ச நெல்லு முளைச்சுப் போச்சு, அப்பா அதுக்கு ரெண்டு நாள் ஒருத்தரோடயும் கதைக்கேல்லை. கௌசலா ரியூசனுக்கு எண்டு காலமை போனா பின்னேரம்தான் வாறாள், படிக்கிறாளோ என்னவோ, ஆனா உன்னை மாதிரி நேரா முகத்தைப் பாத்துக் கதைக்கிறாள். நான் கார்மெண்ட்ஸ் வேலையை விட்டிட்டன். பேசாதை, எனக்கு ஒரே இடத்தில ஒரே தையலைப் போட்டுக் கொண்டிருக்க ஏலாது, வீட்டில மெசினை வச்சு பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை தைக்கிறன். இது எல்லாம் சொல்லுறதுக்கு எழுதேல்லை. நீ நடிச்ச படத்தின்ர டைரக்டர் அடுத்த படத்துக்கும் உன்னைக் கூப்பிட்டவராம், திரும்பவும் ஆமிக்காரன் வேசம்தானாம், இந்தமுறை வசனத்தோடயாம், நீ மாட்டன் எண்டு சொல்லிப்போட்டு மாமாவின்ர கடையில நிக்கப் போறியாம் எண்டு கௌசலா சொன்னாள். அதைக் கேட்ட நேரம் தொட்டு எனக்குச் சோறு இறங்கேல்லை. நீ அதை என்னால விடுறாய். அதால நான் செய்ததை முழுசாச் சொல்லிப் போடுறன், நீ அறிஞ்சது பாதிதான்.

நீ முதலே சொன்னனி. அம்மா ஒரு வீட்டுச் சீன்தான், ரெண்டு நிமிசமும் வராது, நீங்கள் தியேட்டருக்கு எல்லாம் போகாதேங்கோ, பிறகு நான் ஃபோனில அனுப்பிறன் எண்டு. எனக்கு அது உன்ர அடக்கமாப் பட்டுது. எங்கட சண்டைக் காலத்துக் கதை எண்டும் சொன்னாய், அப்ப எங்கட பிள்ளை எங்கட பிள்ளையாத்தானே வருவான் எண்டு நானே கதை கட்டிப்போட்டன். ஹீரோவின்ர தம்பியா வருவான், பங்கருக்குள்ள தாயைக் கட்டிப்பிடிச்சு அழுவான், தியேட்டரே அழும், நான் மட்டும் அழாம நிமிந்து இருப்பன், இப்பிடி எல்லாம் தைக்கத் தைக்க யோசிச்சனான். சந்தியில ஃபிளெக்ஸ் கட்டினதும் நான்தான், அப்பா இல்லை. சித்தப்பாவின்ர கலியாணத்துக்குக் கோட்டுப் போட்டு எடுத்த படம், கறுப்புக் கண்ணாடியைக் கடைக்காரன் கொம்பியூட்டரால போட்டுத் தந்தவன், வெள்ளித்திரையில் தடம் பதிக்கும் எமது மண்ணின் மைந்தன் எண்டு அடிச்சு, ஹீரோவின்ர முகத்தை ஒரு மூலையில முத்திரை அளவுக்குப் போட்டிருந்தது. தியேட்டருக்குப் போக வானும் நான்தான் பிடிச்சனான். பதினேழு பேர். சிவனேஸ்வரி அக்கா வரமாட்டன், சண்டைப் படம் பாத்தா எனக்கு நெஞ்சு அடைக்கும் எண்டவ, நான் விட்டாத்தானே, என்ர பிள்ளை நடிச்ச படத்துக்கு நீ வராட்டி இனி என்ர வாசல் மிதிக்காதை எண்டு சொல்லி ஏத்திக்கொண்டு போனனான். சண்டையில புருசனைத் துலைச்ச மனிசியை.

வவுனியாவில தியேட்டர் நிறைஞ்ச சனம். நான் படம் பாக்கிற விதம் உனக்குத் தெரியும், திரையில நிக்கிறவைக்கு வழி சொல்லிச் சொல்லித்தான் பாப்பன். அண்டைக்கு முதல் பாதி முழுக்க உன்னைத் தேடினதுதான் வேலை. கலியாண வீட்டுச் சீனில தேடினன், காவடி ஆடினவங்களின்ர முகத்தை எல்லாம் தேடினன், ஹீரோவின்ர தம்பியா ஒரு வெள்ளைக்காரன் மாதிரிப் பெடி வந்து நிக்க, உவன் ஆர் என்ர பிள்ளையின்ர இடத்தில எண்டு கோவம்கூட வந்தது. இடைவேளைக்கு அப்புத்துரை அண்ணை ரோல்ஸ் வாங்கித் தந்து, பெரிய ஆக்களைப் பிந்தித்தான் காட்டுவாங்கள் பிள்ளை, பொறு எண்டார். பிறகு அந்த வீடு வந்தது. ஒரு பொம்பிளை ரெண்டு பிள்ளையளை வச்சுக்கொண்டு சோறு வடிக்கிறா, கதவைத் தள்ளிக்கொண்டு மூண்டு ஆமிக்காரர் வாறாங்கள், அதில ஒருத்தன் அடுப்படிக்குப் போய் பானையைக் காலால உதைச்சான். சோறு நிலமெல்லாம் சிதறிச்சுது. எனக்கு என்ன வந்ததோ தெரியாது, கதிரையால எழும்பிட்டன். உன்ர கால் முறிஞ்சு புழுத்துப் போகும்டா நாயே எண்டு கத்தினன். முழுத் தியேட்டருக்கும் கேட்டிருக்கும், பின்னால இருந்த பெடியள் கை தட்டி, இன்னும் குடுங்கோ அக்கா, விடாதேங்கோ எண்டாங்கள். எனக்கு அது புளுகமாவும் பெருமையாவும் இருந்தது, பொய் சொல்லேல்லை. அப்பத்தான் அந்த ஆமிக்காரன் தொப்பியோட இந்தப் பக்கம் திரும்பினான்.

நீ.

கௌசலா என்ர கையைப் பிடிச்சு இழுத்து இருத்தினாள். அதுக்குப் பிறகு படம் என்ன ஓடினது எண்டு எனக்குத் தெரியாது. பெத்தவளின்ர வாயால உன்ர காலைச் சபிச்சுப்போட்டன் தம்பி. அடுத்தநாள் காலமையே கோயிலுக்குப் போய், கற்பூரம் கொளுத்தி, சொன்னது என்ர வாய், என்ர மனம் இல்லை, பலிக்கிறதெண்டா என்ர காலில பலிக்கட்டும் எண்டு சொல்லித் தேங்காய் உடைச்சனான். ஐயர் என்ன நேத்தி எண்டு கேட்டார், சொல்லேல்லை. உனக்கும் சொல்லாம விட்டிருக்கலாம். ஆனா சொல்லாம இருக்க இருக்க நீ சைக்கிளில போறது, ரோட்டுக் கடக்கிறது எல்லாம் கண்ணுக்குள்ள வருது.

இதைவிடப் பெரிய வெக்கம் தியேட்டருக்கு வெளியில நடந்தது. வானடியில எல்லாரும் வந்து நிண்டிச்சினம், அப்புத்துரை அண்ணை என்ர முகத்தைப் பாத்துக்கொண்டு நிண்டார். அந்தப் பார்வைக்கு நான் சொன்னது, என்ன அண்ணை, அவன்ர சீனை வெட்டிப்போட்டாங்கள் போல. பிறகு அவர் மெதுவா, ஓம் பிள்ளை, வெட்டித்தான் போட்டாங்கள், படம் நீண்டு போச்சுதாக்கும் எண்டார். இரஞ்சிதம் அன்ரி உடன, உந்தப் படக்காரர் எப்பவும் உப்பிடித்தான், ஏழைப் பிள்ளையளை வெட்டிப்போட்டுத் தங்கட ஆக்களைப் போடுவாங்கள் எண்டா. அவ்வளவுதான், மாங்குளம் தாண்டுமட்டும் அந்த வெட்டினவனைத்தான் எல்லாரும் ஏசிக்கொண்டு வந்திச்சினம். விளங்குதோ உனக்கு? உன்னை இடுப்பில வச்சுச் சோறு தீத்தின சனம், நீ ஒழுங்கையால நடந்தா நிழலைப் பாத்து ஆரெண்டு சொல்லுற சனம், பதினேழு பேரும் உன்னைக் கண்டதுகள், எனக்காகக் காணாத மாதிரி இருந்ததுகள். நான் ஒரு வார்த்தையால உன்னை இல்லாமல் ஆக்கினன், அதுகள் அதைக் காவிக்கொண்டு வந்ததுகள். சிவனேஸ்வரி அக்கா மட்டும் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தா.

வீட்டுப் படலையில இறங்கினவுடன உனக்கு ஃபோன் எடுத்துக் கத்தினது உனக்குத் தெரியும். உந்தச் சட்டையைப் போட உனக்கு வெக்கமில்லையோ, உன்ர ஊர்ச் சனம் என்ன பட்டதெண்டு மறந்திட்டியோ, வேற வேசம் ஒண்டும் கிடைக்கேல்லையோ எண்டு கேட்டன். நீ, போகாதேங்கோ எண்டு சொன்னனான் தானே அம்மா எண்டு ஒரு வசனம் சொல்லி வச்சாய். வேற பிள்ளையெண்டா திருப்பிக் கத்தியிருக்கும். அப்பா முழுக்கக் கேட்டுக்கொண்டு கதிரையில இருந்தவர், நான் சிங்கள முதலாளிக்கு மூட்டை தூக்கேக்க உனக்கு வெக்கமில்லை, பிள்ளை சட்டை மாத்தினா வெக்கமோ, அது வேலையடி எண்டார். அவரோட மூண்டு நாள் நான் கதைக்கேல்லை. ஃபிளெக்ஸை நானே அவிட்டு வந்து, உன்ர முகம் உள்பக்கமா வரத்தக்கதா விறகுக்கு மேல போட்டனான். அதையும் சொல்லிப்போடுறன்.

நாலு நாள் கழிச்சு சிவனேஸ்வரி அக்கா வந்தா. தைக்கத் தாற சட்டைத் துணி ஒண்டும் கையில இல்லை. குசினிக்குள்ள நேரா வந்து இருந்து, பிரஷாந்தினி, நீ அண்டைக்கு அவன்ர காலைத்தான் பாத்தனி எண்டா. உதைக்க முதல் அவன் பானைக்குள்ள எட்டிப் பாத்தவன், நீ காணேல்லை, நான் கண்டனான், எங்கட வீட்டுக்கு வந்தவங்களிலயும் ஒருத்தன் அப்பிடித்தான் பாத்தவன், மீசையும் முளைக்காத பெடி, அவனுக்கும் பசி, எனக்கு இத்தனை வரியமா அவன்ர சப்பாத்துத்தான் ஞாபகத்தில நிண்டது, உன்ர மோன்தான் அவன்ர முகத்தைக் கொண்டு வந்து காட்டினவன் எண்டா. நான், அக்கா உங்களை இழுத்துக்கொண்டு போனது என்ர பிழை எண்டன். ஓம், பிழைதான், நெஞ்சு அடைச்சதுதான், ஆனா பெடி பொய் செய்யேல்லை எண்டு சொல்லிப்போட்டுத் தேத்தண்ணியும் குடியாமல் போயிட்டா.

அடுத்தநாள் நான் துணி எடுக்கப் போறன் எண்டு அப்பாவுக்குப் பொய் சொல்லி, பஸ் ஏறித் தனிய வவுனியா போனனான். காலமைக் காட்சி, ஒன்பது பேர்தான் இருந்திச்சினம். சால்வையால வாயைப் பொத்திக்கொண்டு இருந்தன். அந்த வீடு வந்தது. நீ கதவால வந்தாய், பானைக்குள்ள பாத்தாய். கண் வெட்டுற நேரம்தான். வயலால வந்து சட்டி மூடியைத் திறந்து, என்னம்மா கறி எண்டு கேப்பியே, அதே கழுத்து. பிறகு உதைச்சாய். எனக்குப் பின்னால இருந்த ஒரு பெடி தூசணத்தால ஏசினான், உன்னையும் உன்னைப் பெத்தவளையும் சேத்து. நான் திரும்பி, தம்பி, அந்தப் பெத்தவள் நான்தான் எண்டன். பாவம், கையில இருந்த கச்சான் கடலைப் பையைக் கீழ போட்டிட்டான். அன்ரி, பகிடியோ எண்டு கேட்டான். பகிடியில்லை, அது என்ர மூத்த பிள்ளை, நிருஷன் எண்டு பேர், நாங்கள் அக்கராயன், அவன் ஒரு கோழியைக்கூட உதைச்சதில்லை எண்டன். அந்தப் பெடி எழும்பி நிண்டு, குறை நினைக்காதேங்கோ அன்ரி, அவர் நல்லாச் செய்தபடியாத்தான் எனக்கு ஏச்சு வந்தது எண்டான். எனக்கும் அதாலதான் வந்திருக்கும். ரெண்டு பேரும் கதைச்சு முடிச்சுத் திரும்ப, திரையில வேற ஆக்கள், நீ போயிட்டாய். வீட்ட வந்து கௌசலாவுக்குச் சொல்ல, அம்மா, வெளிய போகேக்க அண்ணா அந்தப் பொம்பிளையை ஒருக்காத் திரும்பிப் பாத்தவர் எண்டாள். நான் ரெண்டு தரம் போயும் அதைக் காணேல்லை. வெள்ளிக்கிழமை படத்தைத் தூக்கிட்டாங்களாம்.

நேத்து அப்புத்துரை அண்ணை வீட்ட போய், அண்ணை, ஒண்டும் வெட்டேல்லை, அது நிருஷன்தான், நான் பொய் சொன்னனான் எண்டு முத்தத்தில நிண்டே சொன்னன். அவர் வெத்திலையைத் துப்பிப்போட்டு, எங்களுக்கு முதலே தெரியும் பிள்ளை, நீ எப்ப சொல்லுவாய் எண்டுதான் பாத்துக்கொண்டு இருந்தனாங்கள் எண்டார். அங்க வந்திருந்த இரஞ்சிதம் அன்ரி உள்ளுக்கிருந்து, அப்ப இனி அந்த வெட்டினவனை ஏசத் தேவையில்லை எண்டா. எல்லாரும் சிரிச்சிச்சினம், எனக்குச் சிரிப்பு வரேல்லை.

இப்ப கேள். உனக்கு அந்த வேலையில விருப்பமில்லாட்டி விடு, கடையில நில், நான் ஒண்டும் சொல்லமாட்டன். என்ர வாய்க்குப் பயந்து மட்டும் விடாதை. அந்தச் சட்டையைத் திரும்பக் கண்டாலும் எனக்கு நெஞ்சு பதறத்தான் செய்யும், அதை மாத்த ஏலாது, மாத்தவும் மாட்டன். ஆனா அதைப் போட்டுக்கொண்டு ஒருத்தன் பானைக்குள்ள எட்டிப் பாத்ததை உன்னைத் தவிர ஆரும் செய்திருக்க மாட்டாங்கள். அது டைரக்டர் சொல்லித் தந்ததோ, நீயாச் செய்ததோ எண்டு எனக்கு அறிய வேணும். அவருக்கு ஓம் எண்டு சொல்லுறதெண்டா நாள் கடத்தாமல் சொல்லு.

மாமியோட பணிவா இரு, வெயிலுக்குள்ள தலையில துணியில்லாமல் திரியாதை, முழங்காலுக்கு நல்லெண்ணெய் பூசு, ஏனெண்டு கேக்காதை. நீ நீண்ட ஆயுசோட, கை கால் சுகத்தோட, நினைச்ச வேலையில நிலைச்சு நிக்க வேணும் எண்டு அப்பாவும் நானும் கும்பிடுறம். சுதர்சினி வந்து சேந்த அண்டைக்குப் பின்னேரம் நான் ஃபோன் எடுப்பன், ஒருக்கா எடு. நான் கதைக்கமாட்டன், நீ கதை, நான் கேட்டுக்கொண்டிருப்பன்.

இப்படிக்கு,
உன்னைப் பெத்தவள்,
யோகலிங்கம் பிரஷாந்தினி.