இடது காலுக்கு ஒரு வண்டி

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் நலம். அங்கே நீயும் மருமகளும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் நீ குரலை உயர்த்துவாய், நான் அதைவிட உயர்த்துவேன், பக்கத்து அறையில் அப்பா கேட்டுக்கொண்டிருப்பார். அதனால்தான் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது பார், அதுவும் ஒரு வசதி.

சித்தப்பா உன்னிடம் போனில் புலம்பியிருக்கிறார். "உங்க அம்மா ரேஸ் வண்டி வாங்கி உங்க அப்பாவ அதுல உக்கார வெக்கறாங்க" என்றாராம். நீயும் யோசிக்காமல், எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடு என்று செய்தி அனுப்பிவிட்டாய். கொடுக்க மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

நம் சோபாக் கடைக்குப் பின்னால் இருக்கும் பெரிய ஹால், தையல் ஆர்டர் குறைந்ததிலிருந்து காலியாகத்தான் கிடந்தது. அதைக் குடோனுக்கு விடச் சொன்னார் சித்தப்பா. எவனோ மூட்டை அடுக்குவான், நாங்கள் இருவரும் பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு அது சரிப்படவில்லை. டிரிஃப்ட் கார்ட் வாங்கி வாடகைக்கு ஓட்டவிடுவது என்று முடிவு செய்தேன். பேட்டரியில் ஓடுகிற குட்டி வண்டி. தரையை ஒட்டி உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் திருப்பினால், பின்பக்கம் வழுக்கிக்கொண்டே வட்டமடிக்கும். புகை கிடையாது, பெரிய இரைச்சல் கிடையாது. குடும்பமாக வந்து ஓட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார்கள்.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடவில்லை. ஒவ்வொரு கடையிலும் வண்டியில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். முதல் கடையில் இருந்தவை பார்க்க அழகு, ஆனால் நான் உட்கார்ந்ததும் வண்டி முனகியது. "அம்மா, இது குழந்தைங்களுக்கு" என்று கடைக்காரர் பதறினார். வீட்டு வாசலில் ஒரு பிள்ளை ஓட்ட அது போதும். நாள் முழுக்க ஊரார் மோதி விளையாடத் தாங்குமா? பிள்ளையை இறக்கிவிட்டு அப்பனும் ஆசைப்பட்டு ஏறுவானே! அடுத்த கடைக்காரர் வேகம், வேகம் என்றே பேசினார். எப்படி நிறுத்துவது என்று கேட்டால் விட்டத்தைப் பார்த்தார். சார்ஜ் தீர்ந்தால் அந்த வண்டி அரை நாள் சுவரோரம் நிற்குமாம்.

கடைசியாகப் போன இடத்தில் ஒரு பெண் இருந்தாள். இரும்புச் சட்டம், சுற்றிலும் ரப்பர் பம்பர், இரண்டு தோளையும் பிடிக்கிற பெல்ட். பேட்டரியைக் கழற்றி வேறொன்று மாட்டிக்கொள்ளலாம். ரிமோட்டில் வேகத்தைக் குறைத்து வைக்கலாம், ஒரே அழுத்தில் நிறுத்தலாம். சீட் தையல்தான் படுமட்டம். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து நானே பிரித்துத் தைத்துவிட்டேன். எல்லாம் பார்த்து முடித்தபின், ஒரு வண்டியில் மட்டும் ஆக்சிலேட்டரை இடது காலுக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன். யாருக்கு, எதற்கு என்று அவள் துருவவில்லை. குனிந்து பார்த்துவிட்டு, "ஒயர்தானே, மாத்திரலாம்" என்றாள். ஸ்டீயரிங்கில் ஒரு கையால் பிடித்துச் சுழற்ற ஒரு குமிழும் வைத்துக் கொடுத்தாள்.

யாருக்கு என்று உனக்குத் தெரியும்.

பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் நின்றதிலிருந்து அப்பாவை எல்லோரும் கண்ணாடிச் சாமான் மாதிரி நடத்துகிறோம். நெரிசலான தெருக்களில் பஸ் ஓட்டிய மனுஷர். இப்போது அவர் தண்ணீர் டம்ளருக்குக் கை நீட்டினால் நாலு பேர் பாய்கிறோம். நீ வந்திருந்தபோது ஃபேன் காற்றுக்கே அவருக்குப் போர்வை போர்த்தினாய். தப்பென்று சொல்லவில்லை, பாசம்தான். பேச்சுப் பயிற்சி தரும் பெண் படங்களைக் காட்டி இது என்ன என்று கேட்பாள், அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வண்டிகள் வந்து இறங்கிய அன்று, யாரும் கூப்பிடாமல் கோலை ஊன்றிக்கொண்டு ஹால் வாசல்வரை வந்து நின்றார்.

டாக்டரைக் கேட்டாயா என்று எகிறாதே, கேட்டேன். பரிசோதித்துவிட்டு, "மெதுவான வேகம், பெல்ட், ஹெல்மெட், பக்கத்துலயே நீங்க இருக்கணும்" என்றார். தூண்களுக்கெல்லாம் சோபா ஃபோம் சுற்றிக் கட்டினேன். சுவரோரம் பழைய டயர்களை அடுக்கினேன்.

அப்பாவை வண்டியில் உட்காரவைத்துப் பெல்ட் மாட்டும்போது சித்தப்பா வந்து நடுவில் நின்றுகொண்டார். "என்ன அண்ணி, கை விளங்காத மனுஷன வெச்சு வேடிக்கை காட்டறீங்களா?" என்று கத்தினார். "கைதான் விளங்கல, காது நல்லாவே கேக்குது. எதுவா இருந்தாலும் அவர்கிட்டயே பேசுங்க" என்றேன். அப்படிச் சொன்னேனே தவிர, சீட்டின் முதுகை நானும் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். அப்பா மெல்லத் திரும்பி என் கையைப் பார்த்தார்.

"விடு" என்றார்.

எனக்குத்தான் அப்படிக் கேட்டதோ என்று நினைத்தேன். மறுபடியும் சத்தமாக, "விடு!" சித்தப்பா தானாக விலகினார். நான் கையை எடுத்தேன்.

முதல் ஓட்டமே கோணலாகப் போய் டயரில் மோதியது. அப்பாவின் மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது. சித்தப்பா "ஐயோ" என்று ஓடினார். ரிமோட்டில் நிறுத்துகிற பொத்தான் என் கட்டைவிரலுக்குக் கீழே இருந்தது. அழுத்தவில்லை. அவர் குமிழைப் பிடித்து ஒடித்துத் திருப்பினார். பின்பக்கம் சர்ரென்று வழுக்கி வண்டி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, ஹாலின் நடுவில் நேராக ஓடியது. அப்பா சிரித்தார். வாய் ஒரு பக்கம்தான் விரியும், ஆனால் சிரிப்பு முழுசு. சித்தப்பா கண்ணாடியை எடுத்துத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டே நின்றார். அதை என் கையில் கொடுத்துவிட்டுப் போனவர், உனக்குப் போன் செய்து பேசியிருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

இப்போது விடுமுறை நாட்களில் குடும்பங்கள் வருகின்றன. வாசலில் நாற்காலி போட்டு அப்பாதான் இடது கையைத் தூக்கி ஓட்டத்தைத் தொடங்கிவைக்கிறார். முரட்டுத்தனமாக மோதுகிறவனைப் பார்த்து "ஏய்" என்கிறார், "மெதுவா" என்கிறார். பயிற்சிக்கு வரும் பெண் படங்களைப் பையிலேயே வைத்துவிட்டு ஹாலுக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறாள்.

உனக்குப் பயமே இல்லையா என்று கேட்பாய். இருக்கிறது. அவர் ஓட்டி முடிக்கும்வரை நான் மூச்சு விடுகிறேனா என்பதே எனக்குத் தெரிவதில்லை. ஆனால் அவர் நாளெல்லாம் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தபோது எனக்கு வந்த பயத்தை உங்கள் யாரிடமும் நான் சொன்னதில்லை. அதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

லீவு கிடைக்கும்போது குழந்தையையும் கூட்டிக்கொண்டு வா. தள்ளிப்போடாதே, சீக்கிரம் வா. அப்பா உன்னோடு போட்டி போடுவார். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், அவருக்காக வேகத்தைக் குறைத்து வேண்டுமென்றே தோற்றுவிடாதே. அவருக்குத் தெரிந்துவிடும்.

எல்லோரும் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
வண்டிகளைத் திருப்பிக் கொடுக்காத
உன் அம்மா