மதினிக்கு ஒரு மடக்கு வீடு

மதினி,

நேற்றுப் பெய்த மழையில் என் மாடித் தகரம் மூன்று இடத்தில் ஒழுகியது. அண்ணனுக்குப் போன் போட்டேன். பரவையில் பந்தல் சாமான் போட்டிருக்கும் கொட்டகையிலிருந்து ஒரு பழைய துணிக்கட்டைக் கொண்டுவந்து போட்டு, "இத விரிச்சு மூடு" என்று சொல்லிவிட்டுப் போனார். விரித்தேன். ரப்பர் பசை, ஸ்பிரிட், வெயிலில் காய்ந்த கித்தான் எல்லாம் கலந்த வாசனை முகத்தில் வந்து மோதியது. நடுவில் முழ நீள எழுத்தில் சிவப்பாக 'நல்வரவு'.

தகரத்தை மூடவில்லை. துணியைத் திரும்ப மடித்து பீரோ மேல் வைத்துவிட்டு, ஒழுகும் இடத்தில் வாளி வைத்துவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். சொட்டுச் சத்தம் நிற்கவில்லை. "அந்தச் சொட்டாச்சும் நடுவுல மூச்சு விட்டுப் பேசுது, நீ அதுகூட இல்லையேத்தா" என்று சொல்லியிருப்பீர்கள்.

உங்கள் கிட்னி இரண்டும் நின்றுபோய், வயிற்றில் குழாய் வைத்து அனுப்பிய நாளில் நர்ஸ் எனக்குத்தான் பாடம் எடுத்தார். ஒரு நாளைக்கு நான்கு தடவை, வயிற்றில் கிடக்கிற பழைய தண்ணீரைக் கீழே ஒரு பையில் வடிக்க வேண்டும். பிறகு மேலே தொங்கும் பையிலிருந்து ரெண்டு லிட்டர் புது மருந்துத் தண்ணீரை ஏற்ற வேண்டும். "பானையக் கழுவி ஊத்துற மாதிரியா?" என்று கேட்டு நான் திட்டு வாங்கினேன். "ஆமா, பானை நாந்தான்" என்றீர்கள் நீங்கள், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல்.

கதவைச் சாத்து, ஃபேனை நிறுத்து, முழங்கை வரை கழுவு, மாஸ்க் போடு, குழாயை மாட்டும்போதும் கழற்றும்போதும் பேசாதே. கொஞ்சம் தூசியோ எச்சிலோ குழாய்க்குள் போனாலும் வயிறு சீழ் பிடித்துவிடும் என்றார் நர்ஸ். மாட்டுகிற, கழற்றுகிற அந்த இரண்டு நிமிடம்தான் பேசக்கூடாது. நீங்கள் அதை அரை மணி நேரமாக்கினீர்கள். "நர்சம்மா அப்படித்தான் சொல்லுச்சு" என்று என்னிடம் புளுகி, நாளைக்கு நான்கு அரை மணி நேரம் என் வாயை அடைத்து நிம்மதியாக இருந்தீர்கள். எனக்கு இது தெரியவே எட்டு மாதம் ஆயிற்று, அதற்குள் வாய் பழகிப்போய்விட்டது.

அண்ணன் வேறு விதம். பந்தல் தொழிலில் நாற்பதடி மூங்கில் உச்சியில் ஒற்றைக் காலில் நின்று கயிறு கட்டுகிற மனுசன், உங்கள் குழாயைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பங்காளிகள் ஒருவரிடமும் சொல்லவில்லை. "சுகரு, ரெஸ்ட்டுல இருக்கா" என்பதோடு சரி. என்னிடமும் சத்தியம் வாங்கி வைத்திருந்தார். தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுகூட என்னிடம் அரை நாள் தங்காது. இரண்டு வருடம் என்னிடம் தங்கிய ஒரே ரகசியம் உங்களுடையதுதான்.

அந்த ஆடியில் குலசாமிப் பொங்கல் வந்தது. பேரையூர் தாண்டிப் பொட்டலில் கோயில். சுற்றி உடைமரமும் காற்றும்தான், ஒரு கட்டிடம் கிடையாது. ரெண்டு நாள் அங்கேயே கிடக்க வேண்டும். அண்ணன் நீங்கள் வரவேண்டாம் என்றார்.

"பொங்கல யாரு வேணாலும் வைக்கட்டும்" என்றீர்கள். "எனக்கு ஒரு நாளாவது வேற எடத்துல கண்ணு முழிக்கணும். ரெண்டு வருசமா விட்டத்துல அந்தப் பல்லியவே பாத்துக்கிட்டு இருக்கேன். அதுக்கே என்னையப் பாத்து அலுத்துப்போச்சு."

"ரோட்டுல வச்சு என்னமும் ஆயிருச்சுன்னா?"

"ஒரு தடவ கூட்டிட்டுப் போங்க. சரியா வரலைன்னா அதுக்கப்புறம் வாசப்படி தாண்ட மாட்டேன்."

நீங்கள் சொன்னால் சொன்னதுதான் என்று மூன்று பேருக்கும் தெரியும். ஒரே ஒரு தடவைக்கு உங்கள் மிச்ச நாளையெல்லாம் பணயம் வைத்துவிட்டீர்கள்.

சுத்தமான மூடின இடம் இருந்தால் எங்கே வைத்தும் செய்யலாம் என்றார் நர்ஸ். அன்றைக்கு நான் என் போனில் ஒரு வெள்ளைக்காரனைக் காட்டினேன். பிக்கப் வண்டியின் பின்னால் ஒரு பெட்டி. நிறுத்திய இடத்தில் கூரையைத் தூக்கினால் உள்ளே எழுந்து நிற்கிற அளவுக்கு ஒரு வீடு. நீங்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தீர்கள்.

"இதுல என்னத்தா அதிசயம்? மேல ஒரு பலக, நாலு காலு, சுத்தித் துணி. இது நம்ம பந்தலுதான. அவன் சக்கரத்து மேல போட்டுருக்கான்."

அதற்கு மேல் அந்த வெள்ளைக்காரனை நீங்கள் மதிக்கவில்லை. வீட்டில் பந்தல் சாமான் ஏற்றுகிற பிக்கப் நின்றது. அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே மேடைப் பலகையில் இரண்டை எடுத்துக் கூரையாக்கினார். பைப்புக்குள் பைப் விட்டு நாலு கால். தூக்கினால் உயரும், பின்னைச் சொருகினால் நிற்கும். கதவுக்கு ஜிப், அடியில் ஒட்டிக்கொள்கிற பட்டை. பந்தல் துணி தைத்துத் தைத்து உங்கள் விரல் காய்த்துப்போயிருந்தது. நடுவில் தண்ணீர் மாற்றும் நேரம் வந்தால் உள்ளே போய் மாற்றிவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து மெஷினை மிதிப்பீர்கள்.

துணிக்குத்தான் பஞ்சம். ஆடி மாதம் என்பதால் நல்ல துணியெல்லாம் அம்மன் கோயில் பந்தல்களுக்குப் போய்விட்டது. ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் கல்யாண வாசலில் கட்டும் கெட்டித் துணி மட்டும் சும்மா கிடந்தது. "எழுத்து உள்பக்கம் இருக்கட்டும், சரியாப் பிடி" என்றீர்கள். நான் பிடித்தேன். பிடித்துக்கொண்டே மேலத்தெரு மருமகள் கோபித்துக்கொண்டு போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கதை முடிந்து பார்த்தால் நல்வரவு வெளிப்பக்கம். பையைத் தொங்கவிடும் கொக்கிக்கும் நான்தான் அளவெடுத்தேன், உங்களைப் பிளாஸ்டிக் சேரில் உட்காரவைத்து. வண்டிக்குள் போகப்போவது சேர் இல்லை, அதைவிட ஒரு சாண் உயரமான கட்டில் என்பது என் மண்டையில் உதிக்கவில்லை.

காலையில் ஒரு தடவை வீட்டில் மாற்றிவிட்டுக் கிளம்பினோம். கிளம்பவே பதினொன்று. கல்லுப்பட்டி தாண்டியதும் அடுத்த தடவைக்கு நேரமாகிவிட்டது. ரோட்டோரம் ஒரு வேப்பமரத்தடியில் அண்ணன் வண்டியை ஒதுக்கிக் கூரையைத் தூக்கினார். ஜிப்பை இழுத்து மூடி உள்ளே நீங்களும் நானும். அனலாகக் கொதித்தது. கை கழுவி, மாஸ்க் போட்டு, நீங்கள் குழாயின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தீர்கள். வெளியே பொம்பளைகள் குரல். நூறு நாள் வேலை முடித்துத் தூக்குவாளியும் மண்வெட்டியுமாக வந்தவர்கள்.

"அண்ணே, என்ன விசேசம்? காதுகுத்தா?"

"ஒண்ணுமில்லம்மா" என்றார் அண்ணன்.

"ஒண்ணுமில்லாமயா நல்வரவு போட்டுருக்கீக?"

"ஏதோ மீட்டிங்கா இருக்கும்க்கா. செத்த உக்காருவோம், சாப்பாடு குடுப்பாக."

"உள்ள யாரு, பொண்ணா? ஏன் பொத்தி வச்சுருக்காரு?"

ஜிப் ஒரு சாண் கீழே இறங்கியது. உங்கள் குழாய் திறந்திருந்தது. என்னால் வாயைத் திறக்க முடியாது. வாழ்க்கையில் நான் கத்த வேண்டிய ஒரே ஒரு நேரம், அன்றைக்குப் பார்த்து என் வாய்க்கு மாஸ்க்.

வெளியே அண்ணன் குரல் உடைந்து வந்தது.

"தொடாதீங்க தாயி. உள்ள என் சம்சாரம். கிட்னி ரெண்டும் போச்சு. வயித்துல குழாய் வச்சுத் தண்ணி மாத்துறோம். தூசி போனாப் பெழைக்க மாட்டா."

இரண்டு வருடம் பங்காளிகளிடம் சொல்லாததை முன்பின் தெரியாத பதினைந்து பேரிடம் சொல்லிவிட்டார்.

"இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானய்யா" என்றது ஒரு குரல். ஜிப் மெதுவாக மேலே ஏறியது.

நீங்கள் மாட்டி முடித்தீர்கள். வடியத் தொடங்கியபோது ஆடிக்காற்று ஒன்று பொட்டலிலிருந்து எழுந்து வந்து வண்டியைக் குலுக்கியது. அடியில் ஒட்டியிருந்த பட்டை பட்பட்டென்று விட்டுக்கொண்டது. துணி உப்பியது. முடிந்தது நம்ம பயணம் என்று நினைத்தேன்.

"ஏ, அந்தப் பக்கம் நாலு பேரு போங்கடி. இழுத்து அமுக்கு. முந்தானைய வச்சு அடை."

துணி இறுகியது. நான்கு பக்கமும், வண்டிப் பலகையின் விளிம்பில், விரல்கள். செம்மண் அப்பிய விரல்கள், கண்ணாடி வளையல்கள், மருதாணி அழிந்த ஒரு சுண்டுவிரல். துணியில் அவர்கள் நிழல் வரிசையாக விழுந்தது. நீங்கள் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மாஸ்க்குக்கு மேல் உங்கள் கண் நிறைந்ததைப் பார்த்துவிட்டு நான் பையைப் பார்க்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

வடிந்து முடிந்து ஏற்றும் நேரத்தில்தான் கொக்கி தாழ்வாக இருப்பது தெரிந்தது. தண்ணீர் இறங்கவில்லை. நீங்கள் புருவத்தால் மேலே காட்டினீர்கள். பையைக் கொக்கியிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக் கூரை வரைக்கும் தூக்கினேன். தோள் கடுத்தது, வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கூடாது. வெதுவெதுப்பான ரெண்டு லிட்டர் என் கையிலிருந்து உங்களுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கனம் குறையக் குறைய நீங்கள் என்னைப் பார்த்தபடி இருந்தீர்கள். கழற்றி, புது மூடி போட்டு, உள்ளிருந்து துணியைத் தட்டும் வரை அந்த விரல்களில் ஒன்றுகூட நகரவில்லை.

ஜிப்பைத் திறந்ததும் ஓர் அக்கா எட்டிப் பார்த்தார். "வலிக்குமாத்தா?"

"எனக்கு வலிக்காது. இவ அரை மணி நேரம் பேசாம நின்னாள்ல, இவளுக்குத்தான் உயிர் போயிருக்கும்" என்றீர்கள். அவர்கள் சிரித்துக்கொண்டே தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருத்தர் பேரைக்கூட நாம் கேட்கவில்லை.

கோயிலில் அண்ணனே பங்காளிகளைக் கூட்டி உட்காரவைத்துச் சொன்னார். வடித்த பையைச் செய்தித்தாள் மேல் வைத்து எழுத்து தெளிவாகத் தெரிந்தால் வயிற்றில் சீழ் இல்லை என்று நர்ஸ் சொல்லியிருந்தார் அல்லவா? அதுவரை அந்தப் பையைத் தொடாத அண்ணன், மறுநாள் காலை அதன் மேல் குனிந்து, பத்துப் பேர் முன்னால் சத்தமாகப் படித்தார்: "தெரியுது. 'மணமகன் தேவை, சொந்த வீடு இருக்க வேண்டும்.' நல்லாத் தெரியுது."

நீங்கள் அப்போதுதான் விழித்து, தலைக்கு மேலே மேடைப் பலகையின் ஆணி ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டு கிடந்தீர்கள். "பல்லி இல்ல" என்றீர்கள்.

அதற்குப் பிறகு நான்கு தடவை போனோம். ஒவ்வொரு ஊரிலும் ஆட்கள் சாப்பாடு கேட்டு வந்தார்கள். துணியைத் திருப்பித் தைக்கலாமா என்றேன். "வரட்டும்" என்றீர்கள். மாசியில் ஒரு மத்தியானம், வீட்டில், தூக்கத்திலேயே உங்கள் நெஞ்சு நின்றது. வண்டிப் பயணத்தால் ஆகியிருக்குமோ என்று நர்ஸிடம் மூன்று முறை கேட்டேன். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லக்கா. எத்தன பேரு வீட்டுக்குள்ளயே கெடந்து போறாங்க தெரியுமா?" என்றார் மூன்றாம் முறை, கொஞ்சம் கோபமாக. அந்தக் கோபத்தில்தான் எனக்குத் தூக்கம் வந்தது.

இப்போதும் அலங்காநல்லூர் பஸ்ஸில் இடம் கிடைக்காமல் நின்று, மேல் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் என் வாய் தானாக மூடிக்கொள்கிறது. இறங்கும் வரை ஒரு வார்த்தை வராது. பக்கத்தில் நிற்கிறவர்கள் என்னை ரொம்ப அமைதியான பொம்பளை என்று நினைத்துக்கொள்கிறார்கள். நினைக்கட்டும் மதினி, நான் கையை இறக்குவதில்லை.