மூன்றாம் ஓலைக்கு முன்

இன்று மகள் தொலைக்காட்சியில் ஒரு பேய்ப்படத்தின் மூன்றாம் பாகத்தைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். அழுகை கொலைகாரனுக்காக. "பாவம் அப்பா, சின்ன வயசில அவனை என்ன பாடுபடுத்தியிருக்கிறாங்கள்!" என்றாள். எனக்கு உடனே உன் ஞாபகம் வந்துவிட்டது, நண்பா.

பேசாலையில் நீ வைத்திருந்த சிடிக்கடையில், காற்றுக்குப் பயந்து படகுகள் கரையில் கிடக்கும் பின்னேரங்களில், இந்த மாதிரிப் படங்களைத்தானே பார்த்தோம். எனக்குக் கண் கலங்கும் இடம் பார்த்துப் படத்தை நிறுத்துவாய். "முதல் பாகத்தில இவன் வெட்டின பெட்டையின்ர பேர் என்ன?" என்பாய். எனக்கு ஒருநாளும் தெரியாது. "பாத்தியோ? ரெண்டாம் பாகம் எடுக்கிறவன் கொலைகாரனுக்கு வழக்குப் பேசுற அப்புக்காத்து. செத்ததுகளுக்கு ஆர் பேசுறது?" என்று சிரிப்பாய்.

அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். சண்டைக் காலத்தில் ஆமிக்காரர் ஊரை வெயிலில் வரிசையாக நிறுத்தி, ஆட்களைக் காட்டிக்கொடுக்கச் சாக்கால் முகத்தை மூடிய ஒருவனைக் கொண்டுவந்தார்கள். உன் தம்பி யூட்டுக்கு முன்னால் அந்தத் தலை ஆடியது. யூட் திரும்பி வரவில்லை. சாக்குக்குள் இருந்தது யாரென்று தெரியாமலே நீயும் போன வருஷம் கண்ணை மூடிவிட்டாய்.

இப்போது தெரியும். மகளின் கலியாணத்தை அறிவித்து மாதா கோயிலில் இரண்டு ஞாயிறு ஓலை வாசித்தாகிவிட்டது. தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பங்குச் சுவாமி கடைசியாகக் கேட்கும் மூன்றாம் ஓலை வருகிற ஞாயிறு. நேற்று மாப்பிள்ளையின் தகப்பன் வந்து கதிரை நுனியில் இருந்தார். ஒருகாலத்தில் எங்கள் கரைக்கு மீனுக்கு ஐஸ் ஏற்றி வந்து, ஊராரின் முகம் பழகியவர்.

"ஒளிக்க விருப்பமில்லை, அண்ணை. அண்டைக்குத் தலையாட்டினது நான்தான். என்ர மகனைப் பிடிச்சு வைச்சுக்கொண்டு ஆட்டு எண்டாங்கள். நான் என்ன செய்யிறது?"

அந்த மகன்தான் என் மருமகனாகப் போகிறவன். எனக்கும் கண் கலங்கியது. கலங்கிய உடனேயே சந்தேகமும் வந்தது. இத்தனை வருஷம் வைத்திருந்த கதையை ஏன் இந்தக் கிழமை எடுத்தார்? ஞாயிறு யாராவது வாய் திறந்துவிடுவார்கள் என்ற பயமா? அழவேண்டிய இடத்தில் சரியாக அழுதாரே, எத்தனை தடவை சொல்லிப் பழகியிருப்பார்? பொய்யென்றும் தள்ள முடியவில்லை. என் பிள்ளையைப் பிடித்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

உன் கேள்வியைத்தான் கேட்டேன். "அண்டைக்குக் கொண்டுபோன பொடியன்ர பேர் என்ன?"

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "கனபேர் நிண்டவை, அண்ணை. ஞாபகமில்லை."

இன்று படம் முடிந்ததும் மகளிடம் அவர் சொன்னதைச் சொன்னேன். "அவரும் பாவம்தானே அப்பா" என்றாள். போன பொடியன் யாரென்று அவளும் கேட்கவில்லை. யூட்டின் பேரை நானே சொன்னேன்.

ஓலைக்குத் தடை சொல்லப்போவதில்லை. பிள்ளைகள் என்ன செய்தார்கள்? ஆனால் கலியாணத்துக்கு முதல்நாள் காலைப் பூசையை யூட்டின் ஆன்மாவுக்காக ஒப்புக்கொடுக்கும்படி சுவாமியிடம் கேட்டிருக்கிறேன். "முன்வரிசை வாங்கில வந்து இருங்கோ, சம்பந்தி" என்று அவருக்கும் சொல்லிவிட்டேன். யாருக்கான பூசை என்று கேட்டார். "வந்து கேளுங்கோ" என்றேன்.

சுவாமி யூட்டின் பேரைச் சொல்லும்போது நான் பீடத்தைப் பார்க்கமாட்டேன். அவருடைய முகத்தைத்தான் பார்ப்பேன். இந்த முறை அதில் சாக்கு இருக்காது.