முதலாளி பேசியாயிற்று

6.2.1978, திங்கள்
அரியலூர் தபாலாபீசில் இன்று பதினேழு தந்தி. மூன்று சாவு, ஒரு பிரசவம், மீதியெல்லாம் சிமெண்டுக் கம்பெனிக்கு. தட்டித் தட்டி விரல் மரத்துவிட்டது.

சாயங்காலம் தங்கை லீலாவதியின் வீட்டுக்காரர் கொளஞ்சி வந்தார். அவருடைய மூன்று ஏக்கர் முந்திரிக் கொல்லைக்கு அடியில் சுண்ணாம்புக்கல் இருக்கிறதாம். கம்பெனி கேட்கிறது.

"பதினேழாந்தேதிக்குள்ள கையெழுத்துப் போட்டா நல்ல விலையும் வூட்டுக்கு ஒரு வேலையும் தராங்களாம் மச்சான். நான் போடல. நிலம் எடுக்கிற ஆபீசர் நேர்மையான மனுசன். இருபதாந்தேதி விசாரணையில கொல்லைய எடுக்காம விட்டுடச் சொல்லி எழுதறேன்னுட்டாரு."

9.2.1978
பேப்பரில் கம்பெனி முதலாளியின் படம். லண்டனில் இருப்பவர். ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு நாட்டுக்கு யார் மந்திரி என்பதே இவர் வீட்டு விருந்தில்தான் முடிவாகிறதாம். இப்போது டெல்லியில் வந்து இறங்கியிருக்கிறார். அவ்வளவு பெரிய மனிதருக்கு எங்கள் கொளஞ்சியின் மூன்று ஏக்கர் எதற்கு?

14.2.1978, செவ்வாய்
டெல்லியிலிருந்து கம்பெனி மேனேஜருக்குத் தந்தி. கருவி தட்டத் தட்ட நான்தான் கேட்டு எழுதினேன். 'முதலாளி பேசியாயிற்று. நில அதிகாரி மாற்றப்படுகிறார். புதியவர் நமக்கு வேண்டியவர்.'

அந்த அதிகாரிக்கே இன்னும் உத்தரவு வரவில்லை. மத்தியானம் தபால்தலை வாங்க வந்தவர், பாவம், சிரித்துப் பேசிவிட்டுப் போனார்.

தந்தியில் இருப்பதை வெளியே சொன்னால் வேலை போகும். ஜெயில்கூட உண்டு. ஆனால் கொளஞ்சி? சொன்னால் போய்க் கையெழுத்துப் போட்டுவிடுவார். வேலையாவது மிஞ்சும்.

16.2.1978
கொளஞ்சி தபாலாபீஸ் கவுண்டருக்கே வந்துவிட்டார். "எதுனா சேதி உண்டா மச்சான்?"

"ஒண்ணும் இல்ல மாப்ளே."

எப்படி வாயில் வந்தது அது? த்தூ. நானெல்லாம் ஒரு மனுசனா — ரெண்டு பொட்டப்புள்ளைங்கள வச்சுக்கிட்டு வேலை போச்சுன்னா நான் மட்டும் எங்க போவேன்?

20.2.1978
புது அதிகாரி. பத்து நிமிடத்தில் விசாரணை முடிந்தது. நிலம் கம்பெனிக்கு. சர்க்கார் விலைதான், வேலை கிடையாது.

12.6.1978
முந்திரி மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். லீலாவதி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையாம்.

4.9.1978, திங்கள்
காலையில் லீலாவதி வந்து அழுதாள். "கூலிக்குக்கூட யாரும் கூப்பிடலண்ணே. நீ சொன்னா அந்த மேனேஜர் கேப்பாரு. இவருக்கு ஒரு வேலை கேட்டுக் குடு."

கொளஞ்சியைக் கம்பெனிக்கு அழைத்துக்கொண்டு போனேன். மேனேஜர் எழுந்து வந்து கைகொடுத்தார்.

"வாங்க சார். பிப்ரவரியில அந்த ஆபீசரை மாத்தற தந்தி வந்துச்சே, அது வெளிய தெரிஞ்சிருந்தா நிலத்துக்காரங்க அத்தனை பேரும் மறுநாளே வந்து கையெழுத்துப் போட்டுட்டு ஆளுக்கொரு வேலை கேட்டிருப்பாங்க. உங்ககிட்டேருந்து ஒரு வார்த்தை கசியல. அதுக்காகவே உங்க மாப்பிள்ளைக்கு வேலை போட்டுத் தரேன்."

கல் உடைக்கிற வேலை. கொளஞ்சி சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மேனேஜருக்குக் கும்பிடு போட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது. அவர் ஊர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தார்.