முதல் நாளே விற்காதவன்

மார்ச் 3

அன்புள்ள வாலுவுக்கு,

போன் செய்தால், "கஸ்டமர் இருக்காங்கக்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாதே, அதனால் எழுதுகிறேன்.

வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று இருக்கிறோம். கம்ப்யூட்டர் கடையிலேயே வேலை செய்கிறாய், என்னவெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று நீயே சொல். அப்பாவின் கண் மங்கிக்கொண்டே வருகிறது. மருந்தால் நிறுத்த முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். "கண்ணு தெரியறப்பவே அவனைப் பாத்துடணும்" என்கிறார் அப்பா. உனக்கோ லீவு கிடைக்காது. வீடியோ காலில், பெரிய திரையிலாவது உன் முகத்தைப் பார்க்கட்டும்.

உன் அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவைக் கவலைப்படாமல் இருக்கச் சொல். இந்த விஷயத்தில் அவசரம் ஆகாது. நான் யாருக்கும் முதல் நாளே விற்கமாட்டேன், "போய் யோசிச்சிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவேன். முதலாளி பல்லைக் கடிப்பார். ஆனால் அப்படி வாங்கிப் போனவர்கள் யாரும் திரும்பிவந்து சண்டை போட்டதில்லை.

எங்கே வைக்கப்போகிறீர்கள்? ஜன்னல் எதிரே வைத்தால் திரையில் வெளிச்சம் அடிக்கும். பிளக் பக்கத்தில் இருக்கிறதா? பழுதானால் வீட்டுக்கு வந்து பார்க்க ஆள் உண்டா? மேசையை அளந்து எழுது, அதை வைத்துத் திரை அளவு சொல்கிறேன்.

வாலு

மார்ச் 20

அன்புள்ள வாலுவுக்கு,

மேசை மூன்றடி. ஜன்னலுக்குத் திரைச்சீலை போட்டுவிடலாம். பிளக் இருக்கிறது. உன் கேள்விகளைப் படித்துக் காட்டினேன். "பொண்ணு பாக்கப் போனப்பகூட நான் இவ்வளவு கேக்கலையே!" என்று சிரித்தார் அப்பா. "நான் இப்படி ரூட்டு கேட்டுட்டே நின்னிருந்தா, என் பஸ்ஸு டிப்போவை விட்டே கிளம்பியிருக்காது" என்றார், டிரைவராக இருந்த நாட்களை நினைத்து.

அவர் சிரிக்கிறார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இன்று டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றினார். சீக்கிரம் ஒன்றைச் சொல்லு.

அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இன்னும் இரண்டே மாதம் பொறு. புது மாடல் வருகிறது. கேமராவும் திரையும் இதைவிட எவ்வளவோ தெளிவு. இப்போது வாங்கினால் அப்புறம் அடடா என்று இருக்கும். அப்பாவுக்கு வாங்குவது நல்லதாக இருக்க வேண்டாமா?

வாலு

மே 9

வாலு,

நேற்று நான் கதவருகே நின்றேன். அப்பா என்னை அத்தை என்று நினைத்து, "எப்ப வந்த? உக்காரு" என்றார். குரல் கேட்ட பிறகுதான் நான் என்று தெரிந்தது.

கேமரா எவ்வளவு நல்லதாக இருந்து என்னடா, பார்க்கக் கண் வேண்டாமா?

அக்கா

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்த அன்றே கடையில் இருந்ததில் பெரிய திரையாக எடுத்து அனுப்பினேன். யாரையும் யோசிக்கச் சொல்லவில்லை. நேற்று வீடியோவில் பேசினோமே, அதிலிருந்து எனக்கு எதுவும் ஓடவில்லை.

பேச ஆரம்பித்ததும் அப்பா, "தூசியா இருக்கு, தொடைம்மா" என்றார். நீ துடைத்தாய். மறுபடியும் சொன்னார், மறுபடியும் துடைத்தாய். உன் கை வந்து வந்து போனதை நான் பார்த்தேன். அங்கே தூசி இல்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அப்புறம் அவர் எனக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்துக்கொண்டு, "நல்லா தெரியுதுடா. வெள்ளைச் சட்டை உனக்கு எடுப்பா இருக்கு" என்றார். நான் போட்டிருந்தது சிவப்புக் கட்டம் போட்ட சட்டை. "ஆமாப்பா, புதுசு" என்றேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

லீவு கிடைக்காது என்றேனே, அது பொய். நான் கேட்கவே இல்லை. அந்தக் கண்களுக்கு எதிரே வந்து உட்காரப் பயமாக இருந்தது. ஒரு டிக்கெட் எடுத்திருந்தால் மார்ச்சிலேயே என்னைப் பார்த்திருப்பார். உன்னை மேசையை அளக்கச் சொன்னேன்.

இன்று கேட்டேன். முதலாளி மறுபேச்சில்லாமல் லீவு கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை காலை அங்கே இருப்பேன். அப்பாவிடம் இப்போதே சொல்லிவிடு. கடைத்தெருவுக்குப் போய் ஒரு வெள்ளைச் சட்டை வாங்கினேன். அதைப் போட்டுக்கொண்டுதான் வருவேன்.

வாலு