புரொக்கியூரபிள் என்ற சொல்

1986 கார்த்திகை, புதன் இரவு. செயின்ட்-மிஷேல்.

இந்த நாட்டு அகதி விசாரணைக்கு என்னைத் தயார்படுத்தும் சட்டத்தரணி அம்மா, நான் ஏன் கொழும்பிலேயே இருந்துவிடவில்லை என்று இன்று கேட்டார். அங்கே பாதுகாப்பு 'புரொக்கியூரபிள்' இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். இப்படி யாரும் பேசுவதில்லையாம். கிடைக்கவில்லை என்றால் போதுமாம்.

எனக்குக் கோபம் வந்தது. நான் வேலை பார்த்த யாழ்ப்பாணக் கச்சேரி அலுவலகத்தில் சீமெந்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் இந்தச் சொல்லைத்தான் எழுதினோம். கிடைக்கவில்லை என்று வீட்டில் சும்மா இருந்தவனும் சொல்லலாம். புரொக்கியூரபிள் என்றால் தேடி அலைந்தாவது பெறக்கூடியது. அது இல்லை என்று எழுதுமுன் எல்லாக் கடையும் ஏறி இறங்கியிருக்க வேண்டும்.

அப்படியென்றால் எங்கெல்லாம் தேடினீர்கள் என்று கேட்டார்.

கொழும்பு வெள்ளவத்தையில் தங்க இடம் கேட்டுப் போன வீடுகளைச் சொன்னேன். எல்லா வீட்டிலும் தேத்தண்ணீர் தந்தார்கள். ஒருவரும் தங்கச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். விசாரணையில் இதைச் சொல்லுங்கள், அந்தச் சொல்லை விடுங்கள் என்றார்.

அறைக்கு வந்ததும், கூட இருக்கும் சிவம் கேட்டான்: "அண்ணை, உங்கட மனிசி பிள்ளையை ஊரிலயிருந்து கூப்பிட ஏதும் வழி இருக்கோ?"

"தேடிக்கொண்டுதான் இருக்கிறன்."

இல்லை என்று எழுத மாட்டேன். ஏறி இறங்காத படிகள் இன்னும் இருக்கின்றன.